மெயில் சேர்வரின் முதல் வரி

1. காலையில் போனது, பின்னேரம் போகவில்லை

"தம்பி, காலமை போன மெயில் இப்ப ஏன் போகுதில்ல?"

சதாசிவம் ஐயா இப்படிக் கேட்டபோது பின்னேரம் மூன்று மணி தாண்டியிருந்தது. வவுனியாவில் இருந்த ஒரு சின்ன நிவாரணக் கந்தோருக்கு அவர்தான் நிர்வாக அலுவலர். நான் கொம்பியூட்டர் வேலைக்காரன். முந்தின நாள்தான் அங்கே ஒரு இலவச மெயில் சேர்வரை நிறுவி முடித்து, இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று வாய் நிறையச் சொல்லியிருந்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டாயிரமாம் ஆண்டு, மாரி தொடங்கும் நேரம். அந்தக் கந்தோரில் ஆறு பேர் வேலை செய்தார்கள், போன் லைன் ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஆள் இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணினால் போன் எப்போதும் பிஸிதான். ஆகவே கொழும்புத் தலைமைக் கந்தோர் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்றில், சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடியிலிருந்து லினக்ஸைப் போட்டேன். அதற்கு மேல் மெயில் சேர்வர். மற்றக் கொம்பியூட்டர்களில் இலவச மெயில் கிளையண்ட். எல்லாரும் எழுதுவதைச் சேர்வர் வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த வேளைகளில் தானே டயல் பண்ணிக் கொழும்புக்கு அனுப்பும். ஒரு தபால்கந்தோரையே மேசைக்குக் கீழே கட்டி வைத்த பெருமை எனக்கு.

அந்தப் பெருமை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மத்தியானம் கறண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு சேர்வர் மெயில் வாங்க மறுத்துவிட்டது.

அனுப்ப வேண்டியிருந்தது செல்வராணி அக்காவின் மெயில். அவா வெளிக்கள அலுவலர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு கிளிநொச்சிப் பக்கம் வந்து, வயல் செய்து, சண்டையில் அதையும் விட்டுவிட்டு வவுனியாவுக்கு வந்தவா. பரந்தன், கண்டாவளைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் முகாமில் ஓட்டைக் கூரைகளின் கீழ் இருந்தன. எந்தக் குடும்பத்துக்குக் கூரையில் விரிக்க எத்தனை தறப்பாள் வேண்டும் என்று வீடு வீடாகப் போய் எழுதி வந்திருந்தா. ஐந்து மணிக்குள் அது கொழும்புக்குப் போனால், மறுநாள் காலை புறப்படும் லொறியில் தறப்பாள் ஏறும். தவறினால் அடுத்த மாத லொறிதான்.

ஃபக்ஸ் மிஷினைப் போன கிழமை இடி தின்றுவிட்டது. போனில் வாசிக்கலாம் என்றால், எழுத்தில் வராமல் ஒரு துண்டுகூட வெளியே போகாது என்று கொழும்பு ஸ்டோர் கீப்பர் அடித்துச் சொல்லிவிட்டார். டயல் பண்ணும் மொடமும் சேர்வர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வேறு வழியில்லை.

"தம்பி, அஞ்சு மணிக்குள்ள போயிருமா?" அக்கா யன்னலால் வானத்தைப் பார்த்தா. அது கறுத்துக் கிடந்தது. "மழ வந்தா அந்தப் புள்ளைங்க எங்க போய் ஒதுங்கும்?"

2. தேடாத இடம் ஒன்றுதான்

தெரிந்த வேலைகளையெல்லாம் தெரிந்த ஒழுங்கில் செய்தேன். போன் லைனைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டேன். மொடத்தைச் சோதித்தேன். கேபிளை மாற்றினேன். அக்காவின் மெயில் கிளையண்டில் எல்லா செட்டிங்கையும் ஒருமுறை அழித்து மறுமுறை எழுதினேன்.

காசாளர் மரியதாஸ் முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். வலையில் சிக்கு எடுக்கத் தெரியாதவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓசியில வந்த சாமான்தானே, அது தன்ர குணத்தைக் காட்டுது போல" என்று சிரித்தார்.

இலவச மென்பொருளைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்திருந்தேன். முந்தின நாள் சதாசிவம் ஐயாவுக்கும் அதை முழுதாக ஓதியிருந்தேன். இது இலவசம் மட்டுமில்லை, திறந்தது. யாரும் உள்ளே பார்க்கலாம், யாரும் மாற்றலாம், இது எல்லாருக்கும் சொந்தம் என்று. அடுத்த மாதம் கொழும்புச் சேர்வரின் பெயர் மாறும் என்று தலைமைக் கந்தோர் சொல்லியிருந்ததால், சேர்வருக்கான கட்டளைகள் இருக்கும் கொன்ஃபிகரேஷன் ஃபைலை எப்படித் திறந்து, எழுதி, சேவ் பண்ணுவது என்றும் அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் எல்லாம் கேட்டார்.

மரியதாஸ் சிரித்த கோபத்தில்தான் சேர்வர் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லொக் ஃபைலைத் திறந்தேன். முதலே திறந்திருக்க வேண்டியது. அதில் பளிச்சென்று இருந்தது: கொன்ஃபிகரேஷன் ஃபைலில் முதலாவது வரி பிழை, சமன் (=) அடையாளத்தைக் காணவில்லை.

ஃபைலைத் திறந்தேன். உச்சியில், நான் எழுதாத ஒரு வரி.

2_

ஒரு இரண்டு. அதன் வாலில் ஒரு கீழ்க்கோடு. எந்தக் கையேட்டிலும் இப்படி ஒன்று இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பிறகு சதாசிவம் ஐயாவின் மேசையைப் பார்த்தேன். அதில் அடுக்கியிருந்த ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் சிவப்பு மையில் பிள்ளையார் சுழி.

"ஐயா, இது நீங்களோ?"

"ஓம். காலமை இராகுகாலம் கழிய நான்தான் போட்டனான்." அவருடைய முகத்தில் துளி குற்ற உணர்வும் இல்லை. "புதுசா ஒண்டைத் தொடங்கேக்க போடாமல் விடலாமோ? உமக்குத்தான் அது தெரியேல்ல. இதில தமிழ் எழுத்து இல்லை, இருக்கிறதை வச்சுச் சமாளிச்சனான். நல்லா வந்திருக்கு, என்ன?"

நன்றாகத்தான் வந்திருந்தது. சேர்வர் அந்த ஃபைலைப் படிப்பது எழும்பும்போது மட்டும்தான்; கறண்ட் போய்த் திரும்ப எழும்பியபோது அந்த வரியில் தடக்கி விழுந்துவிட்டது.

"அதாலதான் ஐயா மெயில் போகேல்ல. அழிக்கவேணும்."

ஐயா கதிரையை விட்டு எழும்பி வந்து கீபோர்டுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். "பிள்ளையாரை அழிக்கிறதோ? நல்ல காரியம் ஒண்டுக்கு? ஆரும் மாத்தலாம், எல்லாருக்கும் சொந்தம் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

என்னுடைய பிரசங்கம் இவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டது அதுவே முதல் தடவை. அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை. நேரம் நாலே முக்கால். அக்கா சீலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றா.

"சரி ஐயா, அழிக்கேல்ல. முன்னால ஒரு வேலி மட்டும் போடுறன்" என்று, அந்த வரியின் முன்னால் # என்று ஒரு குறி போட்டேன். "இந்தக் குறி இருந்தால் அந்த வரியை மிஷின் படிக்காது. மனிசருக்கு எண்டு விட்ட இடம்."

"மிஷின் படிக்காது. பிள்ளையார்?"

"அவருக்கு ஒரு தடையும் இல்லை ஐயா."

ஐயா யோசித்தார். "அப்ப சரி" என்று விலகினார்.

"அப்ப நானும் ஒண்ணு எழுதலாமா?" என்றா அக்கா. சேவ் பண்ணுவதற்கு முன்னால் குனிந்து, ஒரு விரலால், ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி, அவற்றாலேயே தமிழைக் குத்தினா: மாரியம்மா, லொறி வரட்டும். முன்னால் வேலி போட மறக்கவில்லை.

சேர்வர் எழும்பியது. மொடம் டயல் பண்ணி, கீச்சிட்டு, இரைந்து, ஓய்ந்தது. மெயில் போய்விட்டது.

3. திரும்பப் போனபோது

சில கிழமைகளுக்குப் பிறகு கொழும்புச் சேர்வரின் பெயரை மாற்றப் போனேன். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. செல்வராணி அக்கா முகாமுக்குப் போயிருந்தா. மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஃபைலைத் திறந்தேன்.

உச்சியில் வேலிக்குப் பின்னால் பிள்ளையார் சுழி. அதன் கீழே ஒரு கூட்டல் குறி. அது சிலுவை, மரியதாஸின் வேலை. ஓசிச் சாமானில் அவருக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது. அதன் கீழே அக்காவின் மாரியம்மா. எல்லா வரிக்கும் முன்னால் # ஒழுங்காக இருந்தது. அதில் எனக்குத்தான் பெருமை.

சேர்வர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் லொக் ஃபைலைப் பாருங்கள். விளங்காத வரி ஒன்றைக் கண்டால், அழிக்க முதல் அது யாருடையது என்று கேளுங்கள். அன்று நான் பெயரை மாற்ற வேண்டிய வரி கீழே எங்கேயோ இருந்தது. ஆனால் மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அக்காவின் வரிக்குக் கீழே புதிதாக இன்னொன்று இருந்தது, அதே ஆங்கில எழுத்துத் தமிழில்.

# லொறி வந்திருச்சு தாயே. ஒரு புள்ளையும் நனையல.