கடைசி இடத்துக்குப் போட்டி

நகர மாரத்தானில் முதலாவதாக வருகிறவர்களைப் பற்றி ஊரில் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் வருவார், பழைய சாதனையை உடைப்பார், கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் பறந்துவிடுவார். மறுவருஷம் இன்னொருவர் வந்து அதையும் உடைப்பார். கடைசி இடம் அப்படி இல்லை. ஏழு வருஷமாக அது ஒரே ஆளிடம் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவிக்கடை வைத்திருக்கிறாளே, அவளிடம்.

கடைசி இடத்துக்கு ஒரு மரியாதையும் உண்டு. முதல் மாரத்தான் நடந்த வருஷம், எல்லாரும் வந்தாயிற்று என்று நினைத்து அமைப்பாளர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பின்தங்கி வந்த ஒரு தபால்காரர் ஆளில்லாத எல்லைக்கோட்டைத் தாண்டி, கடிகாரம் சும்மா ஓடுகிறதே என்று தானே அதை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அமைப்பாளர்களுக்கு வெட்கமாகிவிட்டது. அதையே வழக்கமாக்கிவிட்டார்கள். அன்று முதல் கடிகாரத்தை நிறுத்துவது கடைசியாக வருகிறவரின் உரிமை.

சாவிக்காரம்மாவுக்கு அந்த சுவிட்ச் மேல் கொள்ளை ஆசை. வருஷம் முழுக்க அவள் காதில் விழுவது ஒரே சொல்தான். கதவு சாத்திக்கிச்சு, சீக்கிரம். கார் சாவி உள்ளே மாட்டிக்கிச்சு, சீக்கிரம். அந்த ஒரு நாள்தான் ஊரே வாயை மூடிக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கும்.

இந்த வருஷம் அதற்கும் வந்தது ஆபத்து. நாத்தனார் பெயர் கொடுத்துவிட்டாள். புதுத் துணியிலிருந்து மாடி அறை வரை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு எடுத்தவள் அவள்.

"ஏழு வருஷம் போதாதா அண்ணி? பேப்பர்ல என் பேரும் ஒரு தடவை வரட்டுமே" என்றாள், சிரித்துக்கொண்டே.

போட்டியன்று பாதி தூரத்திலேயே இருவருக்கும் பின்னால் யாரும் இல்லை, கடைசி வண்டியைத் தவிர. அது ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வரும். யாரைத் தாண்டுகிறதோ அவர் ஆட்டத்திலிருந்து அவுட். அதை ஓட்டியவர் சாவிக்காரம்மாவின் கணவர். முன்னால் பெண்டாட்டி, அவள் பக்கத்தில் தங்கை. பாவம், யாரைச் சொல்வார்? ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டு வந்தார்.

ஒருத்தி ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தால் மற்றவள் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.

"சின்னவ நீ, முன்னாடி போம்மா."

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி அண்ணி?"

கல்யாணமான நாளிலிருந்து காணாத மரியாதை அன்றைக்கு வந்திருந்தது. சாவிக்காரம்மாவின் கழுத்துக் கயிற்றில் ஏதோ கிணிங் கிணிங் என்றது.

"அதென்ன அண்ணி?"

"சாவிதான். என்கிட்ட வேற என்ன இருக்கும்?"

எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்ததும் நாத்தனார் "ஐயோ, கால்!" என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் வண்டியிலிருந்து தலையை நீட்டினார். "என்ன வேடிக்கை பாக்குற? தூக்கு அவளை!"

நடிப்புதான் என்று சாவிக்காரம்மாவுக்குத் தெரியும். ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்? மனசு கேட்கவில்லை. தோள் கொடுத்துத் தூக்கி, கோடு வரை நடத்திக் கூட்டிவந்தாள். அங்கே வந்ததும் கால் சட்டென்று குணமாகிவிட்டது. அண்ணியை முதுகில் கைவைத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தள்ளு. அப்புறம் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாத்தனார் நிதானமாகக் கோட்டைத் தாண்டினாள்.

சாவிக்காரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாத்தனார் கடிகாரத்தை நோக்கி ஓடினாள். அன்றைக்கு அவள் ஓடியது அப்போதுதான். சுவிட்ச் பெட்டியை இழுத்தாள், திறக்கவில்லை. யாராவது விளையாட்டாகக் கடிகாரத்தை நடுவில் அணைத்துவிடப் போகிறார்கள் என்று அமைப்பாளர்கள் அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். பூட்டு யார் கடையில் வாங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. "எப்படியும் நீங்கதானே கடைசி" என்று இருந்த ஒரே சாவியையும் சாவிக்காரம்மாவிடமே விட்டுவிட்டார்கள்.

"அண்ணி! சாவி! சீக்கிரம்!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் சாவிக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடைபாதை ஓரமாக உட்கார்ந்தாள்.

"வர்றேம்மா. ஷூவைக் கழட்டிக்கிறேன்."

இரண்டு ஷூவையும் கழற்றினாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஆற அமர எழுந்து வந்து பெட்டியைத் திறந்தாள், திறந்த கையோடு சுவிட்சையும் தானே தட்டினாள். அந்த மாரத்தானின் வரலாற்றிலேயே கடிகாரம் அதிக நேரம் ஓடியது அந்த வருஷம்தான். மறுநாள் பேப்பரில் அந்த நேரத்துக்கு நேரே நாத்தனார் பெயரைப் போட்டிருந்தார்கள், அவள் ஆசைப்பட்டபடியே.