மேஸ்திரி கழுவாமல் போன காலை

அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அவள் கட்டட வேலைக்குப் போனவள் இல்லை, செங்கல்லைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாளானால் அந்த மாடியே வரிசையில் நிற்கும். கீழே பூட்டு ரிப்பேர் கடை. மேலே சின்னச் சின்ன அறைகள், ஒரு அடுப்பு மேடை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறை. அங்கே இருந்த ஐந்து பெண்களும் உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்கள். இதில் மென்று முழுங்க என்ன இருக்கிறது, அதுதான் அவர்கள் தொழில். மத்தியானம் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடித்துக்கொள்வார்கள். அந்த நேரக்கணக்கும் மேஸ்திரி வைத்ததுதான்.

அந்தக் குளியலறையைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். தேய்த்துத் தேய்த்துத் தரையின் நிறமே மாறிப் போயிருந்தது. ஆளுக்கொரு நிறத்தில் குவளை, ஒருத்தி குவளையை இன்னொருத்தி தொட்டால் அன்றைக்கு ரணகளம்தான். வந்த ஆள் படியிறங்கியதும் முதல் வேலை கழுவுவது. வெளியே மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளேயும்தான். வெந்நீரில் கிருமிநாசினியைக் கலந்து, ரப்பர் குழாயை வைத்து, உள்ளே பீய்ச்சிக் கழுவுவார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழச் சாறு, ஒருத்தி உப்பு, இன்னொருத்தி துணி சோப்பையே கரைத்து ஊற்றிக்கொள்வாள். எரியும். எரிகிற எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்பார்கள். எரிந்தால்தான் கிருமி சாகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது வேறு யார், நம் மேஸ்திரிதான்.

அதற்காக அவளை விவரம் இல்லாதவள் என்று நினைத்தால் தப்பு. ஆணுறை போடாத ஆளுக்கு அந்த மாடியில் கதவு திறக்காது. ஒரு தடவை ஒரு தடியன், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள், "என்னையே நம்பலையா நீ?" என்று குரலை உயர்த்தினான். மேஸ்திரி அவன் தோள் உயரம்கூட இல்லை. "உங்களை நான் ஏன் நம்பணும், நீங்க என்ன என் தாய்மாமனா? படி அந்தப் பக்கம் இருக்கு, பார்த்து இறங்குங்க, மூணாவது படி உடைஞ்சிருக்கு" என்றாள். அவன் இறங்கிப் போனான். அப்படி ஒரு தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

மாதத்துக்கு ஒரு தடவை பெண்கள் எல்லோரும் இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இதுவும் மேஸ்திரி சட்டம். போகிற அன்று காலையில் குளியலறையில் அடிதடி நடக்கும். மற்ற நாளில் ஒரு தடவை கழுவினால் அன்றைக்கு இரண்டு தடவை. அங்கே இருந்த நர்ஸம்மா நல்ல மாதிரி. "உள்ள கழுவிட்டு வராதீங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். இவர்களும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மாதம் இன்னும் நன்றாகக் கழுவிக்கொண்டு போவார்கள். அந்தம்மா சொன்னதை இவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? விருந்தாளி வந்து உட்கார்ந்து "டீ எல்லாம் எதுக்கு, சிரமப்படாதீங்க" என்று சொல்வார் இல்லையா, அந்த மாதிரி. சொன்னார் என்பதற்காக டீ போடாமல் இருந்துவிடுவோமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தையல்காரிக்கு வயிற்று வலி வந்தது.

தையல்காரி முன்பு ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். முப்பது தாண்டியவள், வாய் அதிகம் பேசாதவள். அவளிடம் வந்துகொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர், முதலில் மற்றவர்களைப் போல வந்து, பிறகு சாப்பிடவும் வந்து, கடைசியில் மேஸ்திரிக்குத் தலைவலி மாத்திரை வாங்கிவந்து கொடுக்கிற அளவுக்கு வீட்டு மனிதராகிவிட்டார். இரண்டு பேரும் வேறு ஊரில் வீடு பார்த்து வைத்திருந்தார்கள். தையல்காரிக்கு ஒரு பிள்ளை வேண்டும். பேர்கூட யோசித்து வைத்துவிட்டாள், கேட்டால்தான் சொல்ல மாட்டாள்.

அந்த ஆசைக்குக் குறுக்கே வந்தது அடிவயிற்று வலி. கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. உள்ளே பஞ்சால் துடைத்து எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. மறு மாதம் திரும்பவும் பார்த்தார்கள், அதே பதில். டாக்டர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "உள்ள தொற்று இருந்து அது மேல கர்ப்பப்பைக் குழாய் வரைக்கும் ஏறிடுச்சுன்னா அப்புறம் குழந்தை நிக்கறது கஷ்டம். ஆனா என்ன தொற்றுன்னு பிடிபடணுமே" என்றார். தையல்காரி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் குளியலறைக்குப் போய் இன்னும் காரமாக மருந்தைக் கலந்து கழுவினாள்.

"உன் லாரிக்காரர்கிட்ட உறை போடச் சொல்றியா இல்லையா?" என்று மேஸ்திரி கேட்டாள்.

"அவர் நம்ம ஆளுதான்க்கா" என்றாள் தையல்காரி.

ஊரில் இருக்கிற ஆளுக்கெல்லாம் சட்டம் போட்ட மேஸ்திரி, இந்த ஒரு ஆளுக்குப் போட மறந்துவிட்டாளே.

அந்த மாதம் மற்றவர்கள் பரிசோதனைக்குப் போய்வந்துவிட்டார்கள், மேஸ்திரி மட்டும் பாக்கி. அன்றைக்குப் பார்த்துக் கட்டடத்து மோட்டார் புகைந்து போனது. குழாயில் ஒரு சொட்டு இல்லை. டிரம்மில் இருந்ததை முந்தின நாளே துணிக்கு ஊற்றியிருந்தார்கள். முகம் கழுவ ஒரு செம்பு தேறியது, அவ்வளவுதான். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆனால் நாளைக்கு இன்னொருத்தி போக மாட்டேன் என்று நின்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு விரட்டுவது? மாற்றுப் புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் தன் நிலைமை தெரிந்துவிட்ட மாதிரி கூசிக்கொண்டே நடந்தாள். தடியனை இறக்கிவிட்ட மேஸ்திரி, அன்று எதிரே வந்த தபால்காரருக்குக்கூட ஒதுங்கி வழிவிட்டாள், பாவம்.

பரிசோதனைக் கட்டிலில் படுத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "அம்மா, மன்னிச்சுக்கணும். தண்ணி வரல. நான் கழுவாம வந்துட்டேன்."

நர்ஸம்மா விளக்கைச் சரிசெய்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இன்னிக்குத்தான் எனக்கு உள்ள ஏதோ தெரியுது" என்றாள்.

"என்னம்மா?"

"உங்களுக்கும் லேசாத் தொற்று இருக்கு. பயப்படாதீங்க, மாத்திரைல சரியாயிடும். எத்தனை தடவை சொன்னேன், கழுவிட்டு வராதீங்கன்னு."

"நீங்க மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நினைச்சோம்மா."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள். உள்ளே நல்லது செய்கிற கிருமி உண்டு, அதுதான் காவல். அந்தக் காவலைத்தான் நீங்கள் மருந்து ஊற்றிக் கொல்கிறீர்கள். எரிவது அழுக்குப் போவதால் இல்லை, தோல் புண்ணாவதால். காவலும் போய்த் தோலும் புண்ணானால் வருகிற நோய் சுலபமாக உள்ளே போய்விடும். "அதோட நான் பஞ்சுல எடுக்க வேண்டியதையெல்லாம் நீங்க வீட்டுலயே அலசிட்டு வந்துட்டா, நான் எதைப் பார்க்கிறது?"

மேஸ்திரிக்குத் தன் தொற்று காதிலேயே ஏறவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "எங்க தையல்காரிக்கு ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லைன்னு வந்ததே. அவளும் கழுவிட்டுத்தாம்மா வந்தா."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. இன்னிலேருந்து உள்ள ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது."

கூட்டிப்போவதுதானே கஷ்டம். அன்று சாயங்காலம் மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள், சனியன். மறுநாள் விடிந்ததும் தையல்காரி குவளையை எடுத்துக்கொண்டு வந்தால், குளியலறைக் கதவின் முன்னால் மேஸ்திரி முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நகருக்கா."

"மாட்டேன். முகத்தைக் கழுவு, கையைக் காலைக் கழுவு. உள்ள கழுவக் கூடாது. அப்படியே வா."

தையல்காரிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், வாய் பேசாதவள் அன்றைக்குப் பேசினாள். "அப்படியே போய் அந்தம்மா முன்னாடி படுக்கச் சொல்றியா? ஊரே நம்மளை அழுக்குன்னுதான் சொல்லுது. வீடு கேட்டாத் தர மாட்டேங்கறான், கடையில சில்லறையைக் கையில கொடுக்காம மேசையில வைக்கிறான். அந்த ஒரு அம்மாதான் நம்மளைத் தொட்டுப் பேசுறாங்க. அவங்க முன்னாடியாவது நான் சுத்தமா இருக்க வேணாமாக்கா?"

மேஸ்திரியும் இத்தனை வருஷம் இதற்குத்தானே கழுவினாள்.

"நேத்து நான் போனேன்டி" என்றாள் மெதுவாக. "கழுவாம போனேன். வெக்கத்துல உயிரே போயிடும்னு நினைச்சேன். அந்தம்மா மூஞ்சி சுளிக்கல. மூக்கைப் பொத்தல. ஸ்டூல இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்தாங்க. இதை உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான். நான் சொன்னது தப்புடி. உனக்குப் புள்ளை வேணுமா வேணாமா?"

தையல்காரி குவளையைக் கீழே வைத்தாள். வழியெல்லாம் மேஸ்திரியின் கையை விடவில்லை. மேஸ்திரியும் வழியெல்லாம் வாயை மூடவில்லை. நடைபாதையில் கிடந்த நாயிலிருந்து மருத்துவமனைக் காவலாளியின் தொப்பை வரைக்கும் ஒன்றையும் விடாமல் கிண்டல் செய்து, அவளை யோசிக்க விடாமல் கட்டில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

இந்தத் தடவை பிடிபட்டது. டாக்டரே வெளியே வந்து சொன்னார். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் ஒட்டுகிற தொற்று. குழாய் வரைக்கும் ஏற ஆரம்பித்திருக்கிறது, ஆனால் கெடுக்கவில்லை. இப்போதே மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்கு வழி உண்டு. "ஆனா உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து சாப்பிடணும். அவர் சாப்பிடலைன்னா திரும்ப உங்களுக்குத்தான் வரும்" என்று சொல்லி, அவருக்கும் சேர்த்து மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் தையல்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள். "போச்சுக்கா. எந்த மூஞ்சியோட அவர்கிட்ட சொல்லுவேன்? நான்தானே கொடுத்திருப்பேன். கேட்ட உடனே போயிடுவார்."

"போனாப் போகட்டும். நான் சொல்றேன்" என்றாள் மேஸ்திரி. இந்த மாதிரி செய்தி கேட்டு எழுந்து போன ஆண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

லாரிக்காரர் வந்த அன்று மத்தியானம் சாப்பாடு முடிகிற வரைக்கும் பொறுத்தாள். பிறகு மாத்திரையை அவர் முன்னால் வைத்தாள்.

"தம்பி, அவளுக்கு உள்ள தொற்று. மருந்து சாப்பிடுறா. நீங்களும் சாப்பிட்டாத்தான் தீரும். யார்கிட்டேருந்து யாருக்கு வந்ததுன்னு கேக்காதீங்க. அது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

லாரிக்காரர் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி கதவோரம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றார் அவர். "லோடு ஏத்தப் போன ஊர்ல ஒரு தடவை தப்பு பண்ணிட்டேன். அப்புறம் ஒண்ணுக்குப் போனா எரிஞ்சுது. அங்கேயே ஒரு ஊசி போட்டுக்கிட்டேன். சரியாப் போச்சுன்னு நினைச்சேன். சொன்னா இவ என்னை விட்டுட்டுப் போயிடுவாளோன்னு வாயைத் திறக்கல."

மேஸ்திரி எழுந்து தையல்காரிக்கு இடம் விட்டு ஒதுங்கினாள். அவள் வாழ்க்கையிலேயே அது அபூர்வம்.

தையல்காரி மெல்ல வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் என்ன பண்ணுவேன் தெரியுமா? வந்துட்டுப் போனவங்க அழுக்கு எதுவும் உங்க மேல பட்டுடக் கூடாதுன்னு எரிய எரிய கழுவுவேன். கண்ணுல தண்ணி வரும். அப்படியும் போதலையோன்னு இன்னொரு தடவை கழுவுவேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கண்ணீர் தட்டில் விழுந்தது. தையல்காரி அதைத் துடைக்கவில்லை. மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். குவளையில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"முழுங்குங்க" என்றாள். "எனக்குப் புள்ளை வேணும்."