டிரைவரக்காவின் கிளச் பெடல்

என் வீட்டு வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கிளச் பெடலை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். முக்கால் அடி இரும்புத் தண்டு, அதன் நுனியில் ஒரு ரப்பர் மூடி. ரப்பரின் இடது ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். வலது ஓரத்தில் வரிகள் புதிதுபோல அப்படியே இருக்கும். பாதத்தைச் சாய்த்து மிதிக்கிற ஒருவருடைய பழக்கம் அது. வீட்டுக்கு வருகிறவர்கள், இதை ஏன் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். நான் பல ஊர்களில் இருந்தவன். பெட்டி, படுக்கை, நல்ல சட்டை என்று எல்லாவற்றையும் எங்கெங்கோ விட்டிருக்கிறேன். இதை மட்டும் விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றிருந்தது. வளைகுடாவில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, கடைசி ஐந்து மாதச் சம்பளம் வராமலே திரும்பியிருந்தேன். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருந்த வண்டிப் பட்டறையில் வேலை கிடைத்தது. அதன் முதலாளியை எல்லோரும் யஜமானர் என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னடக்காரர், தமிழும் கன்னடமும் பாதிக்குப் பாதி கலந்து பேசுவார். படுக்க இடம் கேட்டேன். சுவரோரம் நின்றிருந்த பிக்கப் ஒன்றின் பின்தொட்டியைக் காட்டினார். "மழை வந்தா?" என்றேன். "வண்டிக்குக் கீழயும் எடம் இருக்கு" என்றார்.

அந்த பிக்கப் டிரைவரக்காவுடையது. ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியில் அவரை எல்லோருக்கும் அந்தப் பெயரில்தான் தெரியும். பதினாறு வயதில் டிராக்டர் ஓட்டப் பழகி, பிறகு அண்ணன் ஏலத்தில் எடுத்துக்கொடுத்த இந்த வெளிநாட்டு பிக்கப்பில் செண்டுமல்லியும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மைசூர் மார்க்கெட்டுக்கு வந்துபோனவர். ஒரு நாள் டிராக்டர் டிரெய்லரின் முன்கட்டை இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு திரும்பவும் ஓட்டிப் பார்த்து, நேரே ஒரு பலா மரத்தில் கொண்டுபோய் முட்டினார். "மிதிச்சனா இல்லையான்னே தெரிய மாட்டீங்குது தம்பி. கட்டைக்கு என்ன தெரியும்?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முகப்பைச் சரிசெய்ய வந்த வண்டி பட்டறையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸேறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். வந்ததும் காலைக் கழற்றி வண்டியின் உபரிச் சக்கரத்தின்மேல் வைப்பார். "வண்டிக்கொரு ஸ்டெப்னி, எனக்கொரு ஸ்டெப்னி" என்பார்.

அப்படி வந்த ஒரு நாளில்தான், வளைகுடாவில் கிளச்சே இல்லாத வண்டிகள் ஓடுவதையும் அங்கே இடது காலுக்கு வேலையே இல்லை என்பதையும் வாய் சும்மா இராமல் சொல்லிவைத்தேன். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எம்பட வண்டியில அதைப் போடு" என்றார். யஜமானர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த வேலை தெரியும் என்றேன். அங்கே நான் செய்ததெல்லாம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்குகிறவர்களுக்கு விளக்குப் பிடித்ததும், சிந்திய எண்ணெயைத் துடைத்ததும்தான். அதைச் சொல்லவில்லை. மறுவாரம் அக்காவின் அண்ணனும் வந்தார். நல்ல மனிதர், தங்கை மறுபடி மரத்தில் முட்டிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. "ஆயுத பூசைக்குள்ள இவ ஓட்டிக் காட்டோணும். இல்லீன்னா வித்துப்போடுவேன், ஆளு ரெடியா இருக்குது" என்றார்.

அதே வகை வண்டி, ஆட்டோமேட்டிக், விபத்தில் நொறுங்கிப் பெங்களூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. யஜமானரும் நானும் போனோம். கியர்பாக்ஸை மட்டும் எடுத்தால் போதாது என்கிற அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. கியர் தண்டு, அகலமான பிரேக் பெடல், எண்ணெய்க் குழாய்கள், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட், கடைசி போல்ட் வரை சாக்கில் கட்டிக் கொண்டுவந்தோம்.

பழையதை இறக்க ஒரு நாள் ஆனது. இதை ஏற்ற நான்கு நாள். மரக்கட்டைகளும் ஜாக்கியுமாக உயர்த்திக்கொண்டுபோனால், எஞ்சினோடு ஒட்டாமல் விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு நின்றது. "போல்ட் ஹாக்கி இழுப்பா, தானா பரும்" என்றார் யஜமானர். சாதாரண கியர்பாக்ஸ் போல்ட்டைப் போட்டு இழுத்தால் அப்படித்தான் தானாக வரும். அவர் ஆயுசெல்லாம் அப்படி இழுத்துத்தான் மாட்டியிருக்கிறார். நானும் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது: வளைகுடாவில் ஒருமுறை இதே இடத்தில் நான் போல்ட்டை முடுக்கப்போக, மெக்கானிக் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. அவன் கை அதற்குப் பிறகு செய்தது மட்டும் கண்ணில் இருந்தது. திரும்ப இறக்கச் சொன்னேன். கியர்பாக்ஸின் முன்னால் பரங்கிக்காய்போல் உட்கார்ந்திருக்கும் கன்வெர்ட்டரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே சுற்றினேன். டொக்கென்று கொஞ்சம் உள்ளே போனது. இன்னும் சுற்ற, இன்னொரு டொக். மூன்றாவது டொக்குக்காக வெகுநேரம் சுற்றினேன். அதுவும் விழுந்த பிறகு தூக்கிப் பிடித்தால், கதவு சாத்துகிற மாதிரி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. அன்று போல்ட்டைப் போட்டு இழுத்திருந்தால் உள்ளே இருக்கும் பம்ப் நொறுங்கியிருக்கும். யஜமானர் கையைத் துடைத்தபடி, "பரவால்லப்பா, தொடைக்கறப்பக் கண்ணைத் தொறந்து வெச்சிருக்கே" என்றார். அங்கே நான் எண்ணெய் துடைத்தவன்தான் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின மாலை பின்சக்கரங்களைத் தூக்கிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். கியர் தண்டை நகர்த்தியதும் சக்கரங்கள் சுழன்றன. அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த காரியம், பூஜை அலங்காரத்துக்காக ஒரு சிறு பல்புச் சரத்தை வண்டியின் பேட்டரியிலேயே இணைத்து விட்டது. விடிய விடிய எரிந்தது.

காலையில் பட்டறையின் ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் கழுவி, சந்தனம் வைத்து, பலகையில் வரிசையாக இருந்தன. கழற்றிப்போட்ட கிளச் பெடலையும் அவற்றோடு சேர்த்து வைத்துக் குங்குமம் இட்டிருந்தார் யஜமானர். நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அக்கா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக் என்றது. அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குப் போடலாம் என்றால், பூஜையில் வைத்த ஸ்பேனரை மறுநாள்வரை தொடக்கூடாது. தொட யாருக்கும் மனமும் இல்லை. கருவி வேண்டாத வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும்: தள்ளு.

மார்க்கெட் சுமைக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். எலுமிச்சை நசுங்கியது, வண்டி சந்துமுனைவரை போனது, எஞ்சின் முனகக்கூட இல்லை. திரும்பக் கொண்டுவந்து, புதிதாக நான்கு எலுமிச்சை வைத்து, இன்னொரு முறை. மூன்றாம் முறை அண்ணனும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தள்ளினார். "அக்கா, ஜூஸ்கடை வெச்சா ரெண்டு ரூபா பாக்கலாம்" என்று ஒரு சுமைக்காரர் மூச்சு வாங்கினார். "நீங்க தள்ளுங் சாமி, நான் சக்கரை போடறேன்" என்றார் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. அவர் குரல் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. அண்ணன் என் பக்கம் பார்க்காமல் நெற்றியைத் துடைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளைகுடாவில் நின்றுபோன எந்த வண்டியையும் ஒருவரும் தள்ளி நான் பார்த்ததில்லை. எஞ்சின் ஓடினால்தான் இந்தக் கியர்பாக்ஸ் பிடிக்கும். சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினை எழுப்ப முடியாது. நாங்கள் ஒரு வண்டியை அல்ல, ஒரு மலையைத்தான் தள்ளியிருக்கிறோம். மாலை போட்டு நின்ற பக்கத்து ஜீப்பை முட்டுகிற தூரத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அதன் பேட்டரியை இதன் பேட்டரியோடு இணைக்க இரண்டு தடித்த செம்புக் கம்பிகள் கிடைத்தன. இறுக்க ஸ்பேனர் கிடையாது. ஆகவே ஒரு கம்பியை நான் கையாலேயே அழுத்திப் பிடித்தேன். இன்னொன்றை, வண்டியை விற்க இருந்த அண்ணன் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தார். பொறி பறந்தது. "ஆத்தா!" என்றார், விடவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அக்கா கியர் தண்டை இழுத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி யாரும் சொல்லாமல் மெல்ல நகர்ந்தது. மறுபடி வைத்திருந்த நான்கு எலுமிச்சையும் ஒன்றாக நசுங்கின. "ஐயோ, நான் ஒண்ணுமே மிதிக்கலீங்!" என்று அவர் கத்த, சந்தே கைதட்டியது. மார்க்கெட்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். வெயிலில் வியர்த்து, சின்னப் பெண்பிள்ளைபோல் சிரித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அண்ணன் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஊருக்குப் போகலாம் என்பதற்கு அதுவே உத்தரவு.

கிளம்பும்முன் அக்கா, பூஜைப் பலகையிலிருந்த பெடலை யஜமானரிடம் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். "எனக்கு இனி இது வேண்டாம். உனக்குத்தான் ஆகும். எந்த ஊருக்குப் போனாலும் கிளச்சை மிதிச்சுட்டே நிக்கற ஆளு நீ. சத்தம் மட்டும் பெருசா வருது, கியர் விழ மாட்டீங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொங்கலுக்குமுன் மைசூரை விட்டுக் கிளம்பிவிட்டேன். கொள்ளேகால் சாலையில் என் பஸ்ஸை ஒரு பிக்கப் முந்தியது. பின்னால் செண்டுமல்லி மூட்டைகள். ஜன்னலில் ஊன்றிய ஒரு வலது கை. பஸ் டிரைவர் திட்டினார். நான் எழுந்து நின்று கையாட்டினேன், அவர் பார்க்கவில்லை. அதன்பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் தெருவிலேயே நான்கு ஆட்டோமேட்டிக் கார்கள் நிற்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிளச் என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கும் கடைசியில் ஓர் ஊரில் கியர் விழுந்து, கதவு வைத்த ஒரு வீடு வாய்த்திருக்கிறது. பெடலில் தேயாத வலது ஓரத்து வரிகளுக்குள் அன்றைய குங்குமம் கொஞ்சம் இன்னும் தங்கியிருக்கிறது. கதவைச் சாத்தும்போது குனிந்து, கையால்தான் அதை எடுத்து வைக்கிறேன். காலால் தள்ளுவதில்லை.