இரண்டரை கடுகு

கடுகு வெடிக்கும் வாசனை எல்லோருக்கும் பசியைக் கிளப்பும். எனக்கு மட்டும் அலுப்பைத்தான் தரும்.

அறுபதுகளின் கடைசியில் அஸ்தினாபுரத்தில் குடியிருந்தோம். அப்பா ஆபீஸ் குமாஸ்தா, அம்மா தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. ஆகவே அடுப்படி முழுக்க மெர்சி அக்காவின் தலையில். எஸ்.எஸ்.எல்.சி.யில் அறிவியலில் மட்டும் ‘கோட் அடித்து’விட்டு அக்டோபர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேறினால் டீச்சர் டிரெயினிங், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அவளைப் படுத்தியது ஒரே கேள்விதான்: அணுவுக்குள் இருக்கும் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் மூன்றின் நிறைகளை ஒப்பிடுக. எலக்ட்ரானைப்போல் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு மடங்கு கனம் புரோட்டான் என்று எத்தனை முறை ‘உருப்போட்டாலும்’ மறுநாள் சாம்பாரில் கரைந்துபோகும். கடைசியில் முறத்தில் கடுகைக் கொட்டி எண்ண ஆரம்பித்தாள். ஒரு கடுகு எலக்ட்ரான். அத்தனை கடுகையும் கைக்குட்டையில் முடிந்தால் புரோட்டான். சாயங்காலமெல்லாம் எண்ணியது ஒரு சின்னக் கரண்டிதான் வந்தது. நியூட்ரானுக்கு அதைவிட இரண்டரை கடுகு கூட வேண்டும். “அரைக் கடுகுக்கு எங்கடி போறது?” என்று பிளேடால் ஒன்றைப் பிளக்கப் பார்த்தாள், அது எங்கோ தெறித்தது. அரைக்குப் பதில் ஒரு கசகசாவைப் போட்டு இன்னொரு கைக்குட்டையில் முடிந்தாள். பள்ளியிலிருந்து ஓய்ந்து வந்த அம்மா, “கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சொல்ல இவ்ளோ கணக்கா?” என்று சிரித்தாள். அதற்குப் பின் அந்தக் கணக்கு அக்காவுக்கு மறக்கவே இல்லை.

பரீட்சை நெருங்கியபோது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அறிவியல் பரீட்சையன்று காலை அம்மாவால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. லீவு போடலாம் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. “மார்ச்சுல எழுதிக்கலாம்மா, பரீட்சை எங்க ஓடிப்போவுது?” என்று சொல்லிவிட்டு டிபன் கேரியருக்காக நின்றார். அக்கா அடுப்பில் எண்ணெயை வைத்தாள். கடுகு டப்பா காலியாக இருந்தது. கைக்குட்டை முடிச்சு ஒன்றை அவிழ்த்துக் காய்ந்த எண்ணெயில் கொட்டினாள். படபடவென்று வெடித்து அடங்கியது. எனக்கு அழ மட்டும்தான் தெரிந்தது.

மார்ச்சுக்குள் அவள் கல்யாணம் முடிந்துவிட்டது.

கல்லூரிக்குப் போனவள் நான். வேதியியல் ஆசிரியையாகவே காலம் ஓடிவிட்டது. நிறை எண் கணக்கில் எலக்ட்ரானைச் சேர்க்க வேண்டாம், அதன் கனம் அவ்வளவு சொற்பம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். சொல்லும்போதெல்லாம் அக்கா நினைவுக்கு வருவாள்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். முறத்தை எந்த வீட்டிலும் காணோம். சுத்தம் செய்த கடுகு பாக்கெட்டில் வருகிறது. போன மாதம் அக்கா வந்திருந்தாள். மூட்டுவலியோடு என் அடுப்படியில் நின்று தாளித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: “ஏண்டி, நியூட்ரானுக்கு இன்னும் அந்த ரெண்டரைதானா, இல்ல மாத்திட்டாங்களா?”

“அதேதான்க்கா” என்றேன்.

“அப்போ எழுதியிருந்தா மார்க் வந்திருக்கும்” என்று சொல்லி அடுப்பை அணைத்தாள்.