அம்மாவின் முகத்தில் நான்கு கட்டங்கள்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முதலாண்டு நினைவாக உங்கள் கையில் இருக்கும் இந்த மலருக்கு அட்டைப்படத்தை நானே வரைந்து தருகிறேன் என்று அச்சகத்தில் வாய்விட்டுவிட்டேன். பள்ளியில் நான் வரைந்த மாம்பழத்தைப் பூசணிக்காய் என்று நினைத்து மதிப்பெண் போட்டார்கள். அப்படிப்பட்ட கை இது.

வேறு வழியும் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பது அம்மாதான் என்று சர்க்கார் மட்டுமே நம்பும். மிச்சம் இருப்பது தங்கையின் கல்யாணத்தில் எடுத்த கும்பல் படம். அதைப் பெரிதாக்கினால் மங்குகிறது. ஆகவே கைபேசியில் வீடியோ பார்த்துக் கட்டம் போட்டு வரையக் கற்றேன். படத்தின் மேல் சிறு கட்டங்கள், தாளில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். ஒரு கட்டத்தில் தெரிவதை அதே கட்டத்தில் போட வேண்டும். அவ்வளவுதான் என்றார்கள்.

தாள் போதவில்லை என்று கட்டங்களின் உயரத்தை மட்டும் குறைத்தேன். முகம் அகன்றுவிட்டது. அப்பா எட்டிப் பார்த்தார்.

“யார்ரா இது, உங்க பெரியம்மாவா?”

பெரியம்மா மன்னிக்கவும்.

அடுத்த தாளில் ஒரு வரிசையை எண்ணத் தவறி, மூக்கு நெற்றிக்கு ஏறியது. பொறுக்க முடியாமல் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுரங்கத்தில் காலம் கழித்தவருக்குக் குறுக்கு வரிசை லெவல், நெடுக்கு வரிசை ஷாஃப்ட்.

“நாலாவது லெவலு, மூணாவது ஷாஃப்ட்டு. புருவம் அங்க முடியுது. எண்ணிப் போடுடா.”

மூக்கு வரை அம்மா வந்துவிட்டார். அதற்குக் கீழே, கல்யாணப் படத்தின் நான்கு கட்டங்களில் வாயே இல்லை, முந்தானைதான் இருந்தது.

ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, பக்கத்துச் சுரங்கமான கோரமண்டலுக்கு வாழ்க்கைப்பட்டவர் அம்மா. சுரங்கம் மூடி அப்பா வீட்டில் உட்கார்ந்ததும், காலை ரயிலில் பெங்களூருத் தையல் ஆலைக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் நெரிசலில் கதவுக் கம்பி இடித்து முன்பல் போயிற்று. அன்றும் முழு ஷிப்ட் முடித்துத்தான் திரும்பினார். அதன்பின் முந்தானையால் வாயை மூடாமல் அவர் சிரித்ததில்லை. பல் கட்டிக்கொள்ளலாம் என்று வருடா வருடம் சொன்னேன்.

“நான் இன்னா சினிமாவுலயா நடிக்கப் போறேன்? போடா.”

அதை வசதியாக நம்பிக்கொண்டேன். பிறகு நோய் வந்துவிட்டது. படத்திலாவது அந்தப் பல்லை வைத்துவிட வேண்டும் என்று பார்த்தால், வரைகிற வாயெல்லாம் வேறு யாருடையதாகவோ இருக்கிறது. அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிறது.

கடைசி மாதங்களில் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, ஞாயிறுதோறும் வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட ரயில் தோழிகள், விடுப்பெடுத்து உடனிருந்த தங்கை, எனக்காக இரண்டு முறை அச்சை நிறுத்திவைத்த அச்சகத்தார், உங்களை எங்கள் வீடு மறக்காது.

அட்டையைப் பார்த்துவிட்டு, வாயை ஏன் வரையவில்லை என்று கேட்பீர்கள். ஐந்தாவது தாளும் கிழிந்தபோது எரிச்சலில் அப்பாவிடம் கேட்டேன்.

“பல்லு இருந்தப்போ அம்மா வாய் எப்டிப்பா இருந்துச்சி? நீயாவது சொல்லு.”

அப்பா என் கையிலிருந்த பென்சிலை வாங்கிக் கீழே வைத்தார்.

“அவளே மூடிக்கினா, நீ இன்னாத்துக்குடா தொறக்கற?”