வராந்தாவில் காத்திருந்த வியாதிகள்

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையோரத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் புகுமுக வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் நகரிக்குப் பக்கத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அந்தச் சமயத்தில் ஒரு வாரம் தமிழ்க் கட்சிக்காரர்கள் ஊருக்கு வந்து, "நீங்க தமிழ்தானே?" என்று கேட்பார்கள். அடுத்த வாரம் தெலுங்குக் கட்சிக்காரர்கள் வந்து அதையே மாற்றிக் கேட்பார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் இரண்டு கூட்டத்துக்கும் ஆமாம் போட்டு, மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நான் படிக்கப் போனது பெரியப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "பொட்டப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ பெரிய படிப்பு? மூள கொயம்பிடும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். என் படிப்பில் ஏதாவது கோளாறு என்றால் அவர்கள் புத்தகமும் மூட்டை கட்டப்படும் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் லெக்சரர் அம்மா பட்ட வகுப்பில் சேர விரும்பும் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் மனோதத்துவம் பாடம் எடுத்தார். கவனம், ஞாபகம், பழக்கம், கனவு என்று வருடம் முழுக்க ஜாலியாகப் போனது. ஞாபகத்தைப் பற்றிப் படித்தபோது யாருக்கும் ஞாபகம் போகவில்லை. கடைசியில் மனக்கோளாறுகள் என்ற பாடம் வந்தது. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

ஒரே உடம்பில் இரண்டு ஆட்கள் மாறி மாறி வாழும் வியாதி ஒன்று உண்டு என்றார் லெக்சரர் அம்மா. இவள் செய்வது அவளுக்குத் தெரியாதாம். அவள் பேசியது இவளுக்கு ஞாபகம் இருக்காதாம். மற்றவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. நான் கணக்குப் போடுவது தெலுங்கில், கோபப்படுவது தமிழில். சாமி கும்பிட்டால் தெலுங்கு வரும், அழுகை வந்தால் தமிழ்தான். தமிழ் பேசும்போது என் குரல்கூடக் கொஞ்சம் தடிப்பாக இருப்பதாகத் தோன்றியது. எந்த மொழி, எந்தப் பக்கம் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரம் வேறு. எனக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கொஞ்ச நஞ்ச சந்தேகத்தையும் என் அறைத்தோழி தீர்த்துவைத்தாள். அவள் சித்தூர்ப் பெண், தாய்மொழி தெலுங்கு, தமிழும் நன்றாக வரும். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டே, "நீ தூக்கத்துல தமிழ்ல யார்கூடவோ சண்ட போட்டே. நான் தெலுங்குல கேட்டேன், தெலுங்குல பதில் சொன்னே. ஞாபகமே இல்லியா உனக்கு?" என்றாள். எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. புத்தி பேதலித்த பெண் என்று பெயர் வந்தால் தங்கைகளின் படிப்போடு அவர்கள் கல்யாணமும் போயிற்று. அதற்கு முன்னால் சத்தமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். மலையில் மொட்டை போட வந்த எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று என்னைப் பார்க்க விடுதிக்கு வந்தது. எனக்கு உடம்பு சரியில்லை, நைனாவை வரச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாளில் நைனா வந்துவிட்டார். புத்தூர் வழியாக வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் வாசல் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் துணிப்பையோடு நின்றார். முகம் கறுத்துக் கிடந்தது.

"உடம்புக்கு இன்னா பாப்பா?"

"ஊட்டுக்குப் போலாம் நைனா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். "சரி, படிப்பு சொல்லிக் குடுத்தவங்களாண்ட சொல்லிட்டு வந்துடு. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்றார்.

லெக்சரர் அம்மாவின் வீடு விடுதிக்குப் பின்னால்தான். போனால், வராந்தா பெஞ்சில் இடமே இல்லை. எங்கள் சனிக்கிழமை வகுப்பில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் அடுத்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், பெஞ்சின் ஓரத்தில் என் அறைத்தோழி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

"நீ எதுக்கு வந்தே?" என்றேன்.

"பாடத்துல ஒரு சந்தேகம். நீ?"

"எனக்கும் சந்தேகம்தான்."

லெக்சரர் அம்மா வெளியே வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. உள்ளே திரும்பிக் காபிக்குச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தப் பாடம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் இந்த வராந்தா நிறைந்துவிடும் என்றார் தெலுங்கில். தானும் படிக்கும்போது இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள்தான் என்றும் சொன்னார். யாருக்கு என்ன வியாதி, வரிசையாகச் சொல்லுங்கள் என்றார்.

முதலில் சூளூர்பேட்டைப் பெண் ஒருத்தி, குளியலறையில் தாழ்ப்பாள் போடவே பயமாக இருக்கிறது என்றாள். இன்னொருத்தி, தன் பெட்டியில் தனதல்லாத கொண்டை ஊசிகள் கிடப்பதால் தனக்குத் திருட்டு வியாதி என்றாள். வேறொருத்தி, தன் அக்கா கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போனபோது அழவில்லையாம், அதனால் மனசே மரத்துவிட்டதாம். என் அறைத்தோழி கையை அடிக்கடி கழுவுகிறாளாம். ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. மரத்துப்போனவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

என் முறை வந்தது. நான் சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஞாபகமே இல்லாமல் இரண்டு மொழியில் பேசியதைக் கேட்டு, பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தாள். எல்லாருடையதும் விளையாட்டு, என்னுடையதுதான் நிஜம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

லெக்சரர் அம்மா என்னை விட்டுவிட்டு அறைத்தோழியைப் பார்த்தார். தூக்கத்தில் இவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

அவள் நெளிந்தாள். காபி டம்ளரைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் சொன்னாள்: "தமிழ்ல, 'என் எண்ண பாட்டில்ல கை வச்சா வுடமாட்டேன்'னு கத்தினா. யாரை சொல்றேன்னு நான் தெலுங்குல கேட்டேன். 'நுவ்வே'ன்னா. நீதான்னு அர்த்தம். அதனாலதான் மேடம், எதுக்கு சண்டன்னு மட்டும் நான் காலைல சொல்லல."

என் பாட்டிலில் தேங்காயெண்ணெய் தானாகக் குறைந்துகொண்டிருந்த ரகசியம் அப்போதுதான் உடைந்தது. அவள்மேல் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் இருந்தது. பகலில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, மனசுக்குள் தமிழிலும் தெலுங்கிலும் திட்டிக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் அதுதான் வெளியே கொட்டியிருக்கிறது. உனக்குள் இருக்கும் இரண்டு பேரும் ஒரே பாட்டிலுக்குத்தான் சண்டை போடுகிறார்கள், ஒருத்தி துக்கம் இன்னொருத்திக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, அப்புறம் எப்படி இரண்டு பேர் என்று கேட்டார் லெக்சரர் அம்மா. வராந்தாவே குலுங்கியது. நானும் சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்தது. எந்த மொழியில் அழுதேன் என்று கவனிக்கத் தோன்றவில்லை. அறைத்தோழி என் தோளைப் பிடித்துக்கொண்டு, புது பாட்டில் வாங்கித் தருவதாக எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தாள்.

நைனா புங்கமரத்தடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எடுத்தார்.

"ரெண்டு பேருன்னியே, ரெண்டு பேரும் துன்னுங்க" என்றார்.

நான் பொட்டலத்தைக் காலி செய்யும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன் என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்றால் மொட்டை போடுவதாக பஸ்ஸில் வரும்போதே வேண்டிக்கொண்டாராம். மறுநாள் பளபளவென்று மொட்டைத் தலையோடு கேட்டுக்கு வந்து, லட்டு கொடுத்துவிட்டு, "பரீட்ச முடியற வரிக்கும் ஊரு பக்கம் வராதே" என்று சொல்லிப் போனார். ஊரில் பெரியப்பா எதற்கு மொட்டை என்று துளைத்தபோது, பெண் நன்றாகப் படிக்க வேண்டிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னாராம்.

நான் பட்ட வகுப்பில் சேர்ந்தேன். தங்கைகளும் எனக்குப் பின்னால் அதே விடுதிக்கு வந்தார்கள். எல்லைத் தகராறும் ஒரு வழியாக முடிந்து, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நான் இன்றும் தெலுங்கில் எண்ணி, தமிழில்தான் சண்டை போடுகிறேன். ஆனால் அன்று லெக்சரர் அம்மாவிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நைனாவோடு பஸ் ஏறியிருந்தால், இல்லாத ஒரு வியாதியை ஆயுள் முழுக்கச் சுமந்திருப்பேன், என் தங்கைகளையும் சுமக்க வைத்திருப்பேன் என்று நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் ஒரு நிமிஷம் மூச்சு நின்று பிறகுதான் வருகிறது.