பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு காற்று

கம்பெனியில் அவரை எல்லோரும் காத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்கு அலங்கார மீன் அனுப்பும் அந்த இடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பை கட்டுகிறார். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதில் மீன், மீதி இடத்துக்கு ஆக்சிஜன். வாயை முறுக்கி இரண்டு ரப்பர் பேண்டு போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குவார். இரண்டு நாள் முன்பே மீனைப் பட்டினி போட்டுவிடுவார். வயிறு நிறைந்த மீன் வழியில் தண்ணீரைக் கெடுத்துத் தானும் செத்து, கூட இருப்பதையும் சாகடித்துவிடும்.

மனுஷர் விமானப் படிக்கட்டில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த ஊரைச் சொன்னாலும் தூரம் விரல் நுனியில் இருக்கும். "அதுவா? பதினெட்டு மணி நேரக் காத்து" என்பார். ஒரே ஒரு ஊர் மட்டும் அவருக்குத் தண்ணி காட்டியது. எவ்வளவு காற்று அடைத்தாலும் அங்கே பாதி மீன் செத்துப்போனதாகத்தான் தகவல் வரும். தூரம் ஜாஸ்தி என்று பழியைத் தூக்கித் தூரத்தின் தலையில் போட்டுவிடுவார்.

மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது அந்த ஊரில்தான். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. இவர் மகளிடம் போய் நின்றார்.

"வேற ஊரே கிடைக்கலியாம்மா?"

மகள் போனை நீட்டினாள். "பாருங்கப்பா. ஆகாய வழியில பதினாலாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். நடுவுல ஒரு இடத்துல மாறணும். முப்பது மணி நேரம், அவ்வளவுதான்."

"அங்க போற மீன்ல பாதி..."

"நான் என்ன பைக்குள்ளயா போறேன்?"

அவரும் சிரித்து வைத்தார். பயமாகத்தான் இருந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நின்றுவிடுவாள். அது தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "வயிறு முட்டச் சாப்பிடாதே" என்றார். "பெத்த பொண்ணையும் பட்டினி போட்டு அனுப்பணுமா?" என்று மனைவி எரிந்து விழுந்தாள்.

முப்பத்தொன்றாவது மணி நேரத்தில் போன் வந்தது. "எறங்கிட்டேன்பா. ஆஸ்பத்திரி கார் வந்து நிக்குது. ஒரு கஷ்டமும் இல்ல." அன்றைக்குத்தான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு லீவு நாளில், அவளே ஒரு சேதி சொன்னாள். அங்கே ஒரு மீன் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள்.

"தூரம் ஒண்ணும் பண்ணலியாம்ப்பா. விமானத்துல மீன் நல்லாத்தான் வருதாம். எறங்கினப்புறம் எடுத்துட்டுப் போக ஆள் வராம, வெளியில குளிர்லயே பெட்டி கிடக்குதாம். அதுலதான் சாகுதாம்."

இருபத்திரண்டு வருடத்துப் பழி ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பெட்டி மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம், முதலாளியிடம் சொல்லி அங்கே ஒரு ஆளை ஏற்பாடு செய்யலாம். அவருக்கு அது எதுவும் தோன்றவில்லை.

"நீ எறங்கின அன்னைக்கு கார் வந்துச்சுல்ல?" என்றார்.



"காலையில எறங்கினேன். சாயங்காலம்தான்பா வந்தாங்க" என்றாள் மகள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."